அடுப்பெண்ணெய்

ஓடீல் எண்ணெய்த் தொட்டியின் விலாவில் முஷ்டியால் தட்டினாள். மேலே, நடுவே, அடியில், தட்டிய இடமெல்லாம் வெறும் பானைச் சத்தம். அளவு காட்டும் குப்பிக்குள் மிதவை அடியோடு ஒட்டிக் கிடந்தது. பக்கத்தில் வீட்டுக்கெல்லாம் சூடு அனுப்பும் பெரிய அடுப்பு இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுபோனது.

நிலவறைப் படியேறி முன்னறைக்கு வந்தாள். அவள் புருஷன் ஆன்செல்ம் கட்டிலில் கண் மூடிக் கிடந்தான். நுரையீரலில் புற்று. பனிப்புயல் தொடங்குவதற்கு முந்தின நாள் வந்த நர்ஸ், "இந்த வாரம் தாண்டறது கஷ்டம்" என்று வாசலில் வைத்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். புயல் வந்து மூன்று நாளாயிற்று. சாலையில் பனி அள்ளும் வண்டி இன்னும் வரவில்லை. எண்ணெய்க் கம்பெனிக்குக் காலையிலிருந்து நாலு தடவை போன் பண்ணிவிட்டாள். சாலை திறந்ததும் முதல் லாரி உங்களுக்குத்தான் என்று நாலு தடவையும் சொன்னார்கள்.

"நின்னுடுச்சா?" என்றான் ஆன்செல்ம், கண்ணைத் திறக்காமலே.

"நீ தூங்குறேன்னு நெனச்சேன்."

"அது நின்னா முழிப்பு வரும். படகுல எஞ்சின் நின்னா வர்ற மாதிரி."

கட்டிலுக்கருகில் வைத்திருந்த சின்ன மின்சார ஹீட்டர் தன் காலடியைத் தவிர வேறெதையும் சூடாக்கவில்லை. அவள் தன் கோட்டையும் எடுத்து அவன் மேல் போர்த்தினாள். ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் ஓரத்திலிருந்து பனி பூக்க ஆரம்பித்திருந்தது.

பின்கதவு தட்டும் சத்தம் கேட்டது.

திறந்தால் லெயோன்ஸ் நிற்கிறான், ஆன்செல்மின் தம்பி. மீசையில் பனி கட்டியிருந்தது. கைக்கொன்றாக இரண்டு மஞ்சள் கேன்கள். அவன் வீடு இருநூறு எட்டு தள்ளித்தான். அந்த இருநூறு எட்டை அவன் நடந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது.

"உங்க புகைபோக்கியில புகை வரலை" என்றான். "எண்ணெய் தீந்துடுச்சா அண்ணி?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அவன் வெளியே போய் இடுப்பளவு பனியைத் தள்ளி, சுவரோரம் தொட்டிக்குப் போகும் குழாயின் வாயைத் திறந்து இரண்டு கேனையும் ஊற்றினான். திரும்பி வந்து பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுக் காலுறையோடு நிலவறைக்கு இறங்கினான். அவள் ஸ்பானரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

"இப்பவே மூட்டிடலாமா?"

"கால் மணி நேரம் போகட்டும். ஊத்தினதுல அடிக்கசடு கலங்கியிருக்கும். அது படியணும்."

இருவரும் படியில் ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்தார்கள்.

"படகுக்கு வச்சிருந்த டீசலா?"

"ஆமா."

"அடுப்புக்கு ஒத்துக்குமா?"

"அடுப்புக்கு என்ன, பசிச்ச பிள்ளை. எதைப் போட்டாலும் தின்னுட்டுப் பேசாமக் கிடக்கும். டீசல் கொஞ்சம் சுத்தமான சாப்பாடு, அவ்வளவுதான். படகு எஞ்சின் அப்படியில்ல. அதுக்கு..." லெயோன்ஸ் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

ஏன் நிறுத்தினான் என்று இருவருக்குமே தெரியும்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், நவம்பர் கடைசித் திங்கட்கிழமை. சிங்கி இறால் பிடிப்பு தொடங்கும் நாள். விரிகுடாவின் படகுகளெல்லாம் இறால் பிடிக்கும் கூடுகளை மலையாக அடுக்கிக்கொண்டு விடியுமுன்னே துறையில் நின்றன. டீசல் பம்பில் வரிசை நகரவேயில்லை. அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஓட்டிய படகு 'மரி-ஃப்ளோர்'. அதில் எஞ்சின் லெயோன்ஸின் பொறுப்பு. கொட்டகையில் இருக்கும் டீசலில் இரண்டு கேன் கொண்டுவரச் சொல்லி அவன்தான் அண்ணிக்குப் போன் பண்ணினான். கொட்டகைப் பீப்பாய் காலி. டீசல் இல்லை என்று போய் நின்றால் ஆன்செல்ம் துறை முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்துவான். அடுப்பெண்ணெயும் டீசலும் அக்கா தங்கச்சி என்று ஓடீலின் அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறாள். வரிச்சலுகை எண்ணெய் என்று காட்ட இரண்டுக்கும் ஒரே சிவப்புச் சாயம்தான் கலப்பார்கள். அவள் நிலவறைக்கு இறங்கி, இதே தொட்டியின் அடிக்குழாயைத் திறந்து கேன்களை நிரப்பினாள். அடிக்குழாயில் எண்ணெயோடு இருபது வருஷத்துத் துருவும் தண்ணீரும் சேர்ந்து வரும் என்று அவளுக்குத் தெரியாது.

பாறைத்திட்டுக்கு அருகில் எஞ்சின் மூச்சடைத்து நின்றது. அலை 'மரி-ஃப்ளோரை' பாறையில் தூக்கி அடித்தது. பிளாசிட் கிழவரின் படகு வந்து இருவரையும் ஏற்றிக்கொண்டது. ஆன்செல்முக்கு இடது காலில் இரண்டு விரல்கள் குளிரில் செத்துப்போக, ஆஸ்பத்திரியில் வெட்டியெடுத்தார்கள். ஊரே கட்டிலைச் சுற்றி நிற்கையில் அவன் தம்பியிடம், "எதைடா ஊத்தினே?" என்று கேட்டான். லெயோன்ஸ் கட்டிலின் தலைமாட்டில் நின்ற ஓடீலை ஒரு தடவை பார்த்துவிட்டு, "அடுப்பெண்ணெய்" என்றான்.

அதோடு அண்ணன் தம்பி பேச்சு முடிந்தது. துறையில் லெயோன்ஸுக்கு 'அடுப்பெண்ணெய்' என்பதே பேராகிப் போனது.

"அன்னைக்கு ஏன் சொல்லாம விட்டே?" என்றாள் ஓடீல். பதினோரு வருஷமாகக் கேட்காத கேள்வி.

லெயோன்ஸ் ஸ்பானரைக் கையில் உருட்டினான். "அவனுக்குப் படகு போச்சு. ரெண்டு விரலும் போச்சு. பொண்டாட்டியும் போகணுமான்னு நெனச்சேன்."

"நான் சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கலாம்" என்றான், குற்றமாக இல்லாமல்.

"இன்னைக்குச் சொல்லப் போறேன்."

"இப்ப எதுக்கு அண்ணி? நிம்மதியாப் போகட்டும்."

"யாரோட நிம்மதி?"

அவன் எழுந்து போய்க் குழாயிலிருந்த காற்றை வெளியேற்றினான். அடியில் வைத்த டப்பாவில் முதலில் நுரையும் பிறகு சிவப்பாக எண்ணெயும் விழுந்தது. பொத்தானை அழுத்தினான். அடுப்பு ஒரு கணம் யோசித்துவிட்டுப் பற்றிக்கொண்டது.

மேலே ஆன்செல்ம் கண் விழித்திருந்தான். "யாரு கீழே?"

ஓடீல் கால்மாட்டில் உட்கார்ந்து அவனுடைய இடது காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். விரல் போன நாளிலிருந்து அந்தக் கால் சூடாவதேயில்லை. தினமும் அவள்தான் தேய்த்துவிடுவாள். தேய்க்கும் ஒவ்வொரு நாளும் அந்த இரண்டு வெற்றிடங்களும் அவள் விரலில் தட்டுப்படும்.

"லெயோன்ஸ். அவன் படகு டீசலைக் கொண்டுவந்து ஊத்தினான்."

ஆன்செல்ம் உத்தரத்தைப் பார்த்தான். "அவனுக்கு எதை எங்க ஊத்தறதுன்னு என்னைக்குமே தெரியாது."

"ஆன்செல்ம், அன்னைக்குக் கேனை நிரப்பினது நான்."

"எந்தக் கேனை?"

"மரி-ஃப்ளோருக்குக் கொண்டுவந்த கேனை. டீசல் இல்ல. வீட்டுத் தொட்டியில பிடிச்சேன். ஊத்தினவன் அவன்தான். அவனுக்குத் தெரியாது. எஞ்சின் நின்னப்புறம்தான் புரிஞ்சுது அவனுக்கு."

ஆன்செல்ம் அவளை வெகுநேரம் பார்த்தான். பிறகு காலை அவள் மடியிலிருந்து இழுத்துக்கொண்டான். அவ்வளவு பலம் அவனிடம் மிச்சம் இருந்தது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"அவனைக் கூப்பிடு."

லெயோன்ஸ் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிலைப்படியில் வந்து நின்றான். ஒருவர் வயதை ஒருவர் அளப்பதுபோல் இருவரும் பார்த்துக்கொண்டார்கள்.

"ஏண்டா," என்றான் ஆன்செல்ம். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே மூச்சுக்காக நின்றான். "யாரு நிரப்பினா என்ன. ஊத்தறதுக்கு முன்னாடி மோந்து பார்க்க மாட்டியா?"

"பாத்திருக்கணும்ணே."

"ஏன் பாக்கல?"

"ஜலதோஷம்."

ஆன்செல்மின் உடம்பு குலுங்கியது. இருமல் என்று ஓடீல் பாய்ந்து எழுந்தாள். இருமலாகத்தான் முடிந்தது. ஆனால் அது சிரிப்பாகத்தான் தொடங்கியது. லெயோன்ஸ் ஓடிவந்து அண்ணனைத் தூக்கித் தன் மார்பில் சாய்த்துக்கொண்டான்.

"இந்த வருஷம் இறால் எப்படி வருது?" என்றான் ஆன்செல்ம், மூச்சு வந்ததும்.

"தெக்குப்பக்கம் நல்லா இருக்கு. பாறைத்திட்டுக்கிட்ட நான் போறதில்ல."

"போகாதே."

அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. மூச்சு மட்டும் ஏறி இறங்கியது. அறைக்குச் சூடு வந்தது. ஜன்னல் கண்ணாடியில் பூத்த பனி கரைந்து கோடு கோடாக வழிந்தது. ஓடீல் கால்மாட்டு நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் தன்னிடம் ஏதாவது சொல்லுவான் என்று காத்திருந்தாள். திட்டினாலும் போதும் என்றிருந்தது.

மூன்று மணி வாக்கில் போர்வை அசைந்தது. இடது கால் வெளியே வந்து, தடுமாறி, அவள் மடியைத் தேடிக்கொண்டு விழுந்தது. அவள் தேய்க்கத் தொடங்கினாள். எப்போது மூச்சு நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. லெயோன்ஸ்தான் அண்ணனின் தலையை மெல்லத் தலையணைக்கு இறக்கிவிட்டு, "அண்ணி" என்று கூப்பிட்டான். அப்புறமும் அவள் கொஞ்ச நேரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

சாலை திறந்து, உறவெல்லாம் வந்து, நாலாம் நாள் மாதாகோவிலில் பூசை நடந்தது. பூசை முடிந்து கீழ்க்கூடத்தில் சாப்பாடு. பெண்கள் உருளைக்கிழங்கைத் துருவிக் கோழி வைத்துச் சுட்ட ராப்யூரைத் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து வைத்தார்கள். துறைக்காரர்கள் நீளப் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்து சர்க்கரைப் பாகு ஊற்றித் தின்றுகொண்டிருந்தார்கள்.

லெயோன்ஸ் தாமதமாக வந்தான். கதவருகிலேயே நின்றான்.

"ஏய் அடுப்பெண்ணெய், கதவைச் சாத்துடா, குளிர் வருது" என்றார் பிளாசிட் கிழவர். வம்பு இல்லை. பழக்கம். இரண்டு பேர் தட்டைப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஓடீல் கையிலிருந்த கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள்.

"அவன் பேரு லெயோன்ஸ், மாமா."

"தெரியும்மா. சும்மா ஒரு..."

"மரி-ஃப்ளோருக்கு அடுப்பெண்ணெய் பிடிச்சுக் கொடுத்தது நான். அவன் டீசல்தான் கேட்டான். நான் பயந்துக்கிட்டு வீட்டுத் தொட்டியில பிடிச்சேன். பதினோரு வருஷமா வாயைத் திறக்கல." அவள் நிறுத்தவில்லை. "ஆன்செல்முக்குச் சொல்லிட்டேன். இப்ப உங்களுக்கும் சொல்றேன். அந்தப் பேரை யாருக்காவது வைக்கணும்னா எனக்கு வைங்க."

ஒரு பெண் எங்கேயோ குழந்தையை உஷ் என்று அடக்கினாள். ஓடீல் கண்ணைத் தாழ்த்தாமல் நின்றாள்.

பிளாசிட் கிழவர் வாயிலிருந்ததை மென்று விழுங்கினார். லெயோன்ஸை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு தட்டைத் தூக்கிக்கொண்டு, பக்கத்திலிருந்தவனை முழங்கையால் இடித்து, பெஞ்சில் ஒரு ஆள் அளவுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

லெயோன்ஸ் கதவைச் சாத்தினான். மிதியடியில் நின்று பூட்ஸிலிருந்த பனியை ஒவ்வொரு காலாகத் தட்டினான், எல்லாம் உதிர்ந்த பின்னும்.