குட்டி இடிக்கு ஒரு பலகை மேடை

மூன்று மணிக்குப் பெற்றோர் கூட்டம். இரண்டரைக்கே துணை டீச்சருக்குக் கால் தரையில் பாவவில்லை. மொத்தமே நாற்பத்தொரு பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம் அது. அதில் ஒன்பது பேரைப் பிடித்துப்போட்டு, ஐந்து மாதம் சாயங்காலத்தில் மல்லுக்கட்டி உருவாக்கிய டிரம் குழு இன்றைக்கு முதன்முதலாக ஊர் முன்னால் நிற்கப்போகிறது!

பெரிய டிரம் நாலாம் வகுப்புச் சிறுமியிடம். அவளுக்குக் காது கேட்காது; பேச்செல்லாம் கைச்சாடைதான். வகுப்பில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து உதவத்தான் துணை டீச்சரையே வேலைக்கு எடுத்தார்கள். அவள் அடித்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும். அதனால் பள்ளி முழுக்க அவள் பெயர் குட்டி இடி. அவள் முன்னால் நிற்பாள். பின்னாலிருக்கும் எட்டுப் பேரும் நாலு முறை தரையை மிதிப்பார்கள். ஐந்தாவதற்கு அவள் குச்சி இறங்கும். ஒருநாளும் பிசகியதில்லை.

முற்றத்துச் சிமெண்டு மேடையில் கடைசி ஒத்திகை. எட்டுப் பேரும் மிதித்தார்கள். குட்டி இடி அசையவில்லை. மறுபடி மிதித்தார்கள். ம்ஹூம்.

“என்ன டீச்சர், இடி இடிக்கவே மாட்டேங்குது?” என்றான் சின்ன டிரம் அடிக்கும் ஐந்தாம் வகுப்புக்காரன்.

“நீ கொஞ்சம் வாயை மூடுடா.”

முன்னால் நின்று கையால் காட்டிப் பார்த்தார் டீச்சர். கையைப் பார்த்து அடித்தால் ஒவ்வொரு அடியும் பிந்தியது.

தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். “பிள்ளை பயந்துடுச்சு போல. பெரிய டிரம்ம இந்த அஞ்சாம் வகுப்புப் பையன் அடிக்கட்டும். அவ ஓரமா நின்னு கை தட்டட்டும்.”

டீச்சர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். முதல் வரிசையில் குட்டி இடியின் அப்பா, பஸ் டிரைவர், அரை நாள் லீவு போட்டுவிட்டு உடுப்பைக்கூட மாற்றாமல் வந்து உட்கார்ந்திருந்தார்.

“ரெண்டே நிமிஷம் சார்!”

குட்டி இடி செருப்பைக் கழற்றிவிட்டு, தன் பாதத்தைக் காட்டினாள்.

“என்னடா கண்ணு, கல்லு குத்துதா?” டீச்சர் செருப்பைத் தட்டிப் பார்த்தார்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். டீச்சரின் மணிக்கட்டைப் பிடித்து மூன்றாம் வகுப்புக்குத் தரதரவென்று இழுத்துப் போனாள். கரும்பலகைக்குக் கீழே கிடந்த நீளமான பலகை மேடையில் ஏறி ஒரு மிதி. டொம்! இப்பவாவது புரிஞ்சுதா என்று ஒரு பார்வை.

“அடக் கடவுளே! அஞ்சு மாசமும் பலகைத் தரை போட்ட ரூம்லயே பழக்கிட்டு, சிமெண்டுல கொண்டுவந்து நிறுத்திட்டேனே!”

சிமெண்டில் எவ்வளவு மிதித்தாலும் பாதத்துக்குச் சேதி வராது. பலகையில்தான் வரும்.

“அது என் மேடை!” என்று ஓடிவந்தார் மூன்றாம் வகுப்பு டீச்சர். ஆள் நாலரை அடி உயரம். “அது இல்லேன்னா பாதி போர்டுதான் எனக்கு எட்டும்.”

“ஒரு மணி நேரந்தான் அக்கா.”

“ஒரு கீறல் விழுந்துச்சு, உன் தோள்ல ஏறி நின்னுதான் பாடம் நடத்துவேன், ஆமா!” சொல்லிக்கொண்டே அவரே ஒரு முனையைத் தூக்கினார்.

வாசலில் மேடை சிக்கிக்கொண்டது. பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். சத்தம் கேட்டு வந்த பஸ் டிரைவர் ஒரே நொடியில் நிலைமையைப் புரிந்துகொண்டார்.

“எல்லாரும் நில்லுங்க! ரிவர்ஸ் வரட்டும்… வரட்டும்… லெஃப்ட்ல ஒடிங்க. இன்னும் ஒடிங்க. போலாம் ரைட்!”

மேடை வெளியே வந்தது. மணி மூன்று.

முற்றத்துச் சிமெண்டின் மேல் போட்ட பலகையின் முன்நுனியில் குட்டி இடி வெறுங்காலோடு நின்றாள். பின்னால் பலகையில் நாலு பேர், இரு பக்கமும் கீழே நாலு பேர். டொம், டொம், டொம், டொம்.

ஐந்தாவது, இடி விழுந்தது!

ஜன்னல்கள் அதிர்ந்தன. கடைசி அடி வரை ஒரு பிசகில்லை. கூட்டம் எழுந்து கை தட்டியது. அவளோ கூட்டத்தைப் பார்க்காமல், அடித்த களைப்பில் குனிந்து மூச்சுவாங்கிக்கொண்டிருந்தாள். அவள் அப்பா கை தட்டவில்லை. ஓடிப்போய்ப் பலகையின் ஓரத்தில் ஏறித் தொம்தொம்மென்று குதித்தார். அவள் சட்டென்று நிமிர்ந்து, திரும்பி, வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். துணை டீச்சரும் தாவி ஏறிக் குதித்தார்.

“மெதுவா, மெதுவா!” என்று கீழேயிருந்து கத்தினார் மூன்றாம் வகுப்பு டீச்சர். “நாளைக்கு நான் நிக்கணும்!”