பிளேயருக்கு வைத்த சந்தனம்

கருமத்தம்பட்டியில் விசைத்தறி ஓட்டும் செங்கோடன், கையடக்கமான பாட்டுப் பிளேயர் ஒன்று வாங்கியிருந்தார். அதில் எல்லாப் பாட்டும், ஒலி குறையாத ஆனால் நிறைய இடம் பிடிக்கிற ஃப்ளாக் வடிவத்தில்தான் இருக்க வேண்டும். எம்.பி.த்ரீ என்றாலே முகம் சுளிப்பார்.

"ஃப்ளாக்குல ஒரு இழை அறாது. எம்.பி.த்ரீ, எடத்தை மிச்சம் பண்றேன்னு பாட்டைப் புடுங்கிப்போட்டுருது. அது வெறும் சக்கை!"

"நான் சோத்துக்குக் கூப்புட்டா காதுல உழுகறதில்லீங்க. இது மட்டும் கேக்குதாக்கும்?" என்றாள் மனைவி சாந்தாமணி.

பக்கத்து வீட்டு ஜெபராணிக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆகியிருந்தது. குப்புறவே படுத்திருக்க வேண்டும். டிவி, போன் எதுவும் பார்க்கக் கூடாது. சர்ச் பாட்டும் பைபிள் வாசிப்பும் கேட்டால் தெம்பாக இருக்கும் என்றாள்.

"பகல்ல பிளேயரைக் குடு, வேண்டாங்கல. ஆனா மெமரி கார்டு ரொம்பிக் கெடக்குது. அவங்க பாட்டுக்கு எடமில்ல," என்றார் செங்கோடன்.

"எம்.பி.த்ரீயா மாத்துனா எடம் கெடைக்கும்னு நம்ம புள்ள பிரியா சொல்றாளுங்க."

"என்ற பாட்டுல ஆராச்சும் கை வெச்சுப் பாருங்க!"

ஆயுத பூசைக்கு மகள் சண்முகப்பிரியா ஹாஸ்டலிலிருந்து வந்தாள். அப்பாவின் பாட்டுகளைக் கம்ப்யூட்டரில் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, கார்டில் இருந்ததையெல்லாம் எம்.பி.த்ரீ ஆக்கினாள். மிஞ்சிய இடத்தில் ஜெபராணியின் பாட்டுகள் ஏறின. ஒரே ஒரு சிக்கல்தான். பாட்டு ஓடும்போது அதன் வடிவம் திரையின் மூலையில் எழுத்தாகத் தெரியும்.

"அம்மா, அப்பா பாத்துப்போடுவாரு."

சாந்தாமணி சந்தனக் கிண்ணத்தை எடுத்தாள். தறி, மொபெட், கிரைண்டர் என்று பொட்டு வைத்துக்கொண்டே வந்தவள், பிளேயரின் அந்த மூலையிலும் கெட்டியாக அப்பிக் குங்குமம் வைத்தாள். பூசைப் பொட்டைத் துடைக்க அவருக்குக் கை வராது.

"சென்னிமலையானே, சீக்காளிக்காகத்தான். கண்டுக்காதே," என்று முணுமுணுத்தாள்.

பூசை முடிந்ததும் செங்கோடன் கண்ணை மூடிக் கேட்டார். ஒரு இயர்போனை மச்சினன் மதன்குமார் காதில் செருகினார்.

"கேட்டீங்களா மாப்ள? ஃப்ளாக்குன்னா ஃப்ளாக்குத்தான்!"

சாந்தாமணி பொரி எடுப்பதுபோல் சமையலறைக்குள் ஓடினாள். அங்கே பிரியா துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம், பிளேயரை வாங்கி வர ஜெபராணி வீட்டுக்குச் செங்கோடனே போனார். காய்ந்த சந்தனம் உதிர்ந்திருந்தது. மூலையில் எம்.பி.த்ரீ. அவருக்குச் சுர்ரென்று ஏறியது.

"அண்ணனுங்களா?" தலையணைக்குள்ளிருந்து ஜெபராணி கேட்டாள். "எனக்கு எடம் குடுக்கறதுக்கு உங்க பாட்டையெல்லாம் அழிச்சுப்போட்டீங்களா? அதை நெனச்சா கேக்கவே மனசு வரலீங்க."

இத்தனை நாளும் தன் காதுக்கு ஒரு குறையும் தட்டவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"ஒண்ணும் அழிக்கலீங்க அம்மணி. எல்லாம் அப்படியேதான் இருக்குது. ஒரு இழை அறல. நீங்க நாளைக்கும் நல்லாக் கேளுங்க."

வீட்டுக்கு வந்தவர் நேராகப் பூசையறைக்குப் போனார். சந்தனம் குழைத்து, அதே மூலையில் முன்னைவிடப் பெரிதாக அப்பினார்.

"இன்னைக்கு என்ன பூசைங்க?" என்றாள் சாந்தாமணி.

"நாளைக்கு வெள்ளிக்கெழம," என்றார், திரும்பாமலே.

அவள் சமையலறைக்குப் போய், வேண்டுமென்றே மெல்லக் கூப்பிட்டாள்: "சாப்புட வாங்க."

"வாரேன், வாரேன்," என்று உடனே குரல் வந்தது.