சத்தம் வராத கழுத்து

எங்கள் கோவில்பட்டியில் கழுத்து சரியானதற்கு ஒரே சாட்சி சத்தம்தான். சலூனில் முடி வெட்டி முடித்துத் தலையைத் திருகும்போது ‘சடக்’கென்று கேட்டால்தான் ஆள் கண்ணாடியைப் பார்த்துச் சிரிப்பான். கேட்காவிட்டால் வெட்டியதே வீண். இந்த ஊரில்தான் நான் கைரோபிராக்டிக் என்று, கையாலேயே எலும்பைச் சரிசெய்யும் வைத்தியத்துக்குப் போர்டு மாட்டினேன். பெங்களூரில் மூன்று வருஷம் படித்ததை ஜனங்கள் ‘சடக்கு வைத்தியம்’ ஆக்கிவிட்டார்கள். எனக்கும் உள்ளூர அது பிடித்திருந்தது. அந்தப் பிடித்தத்தைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இப்போது நான் யார் கழுத்தையும் திருகுவதில்லை. அரை மணி நேரம் கேள்வி கேட்கிறேன். தலை சுற்றுகிறதா, கை மரத்துப்போகிறதா, அப்பா அம்மாவுக்கு என்ன நோய். படம் எடுத்து வரச் சொல்லி, மெல்ல நீவிவிட்டு, பயிற்சி சொல்லி அனுப்புகிறேன். ‘யோகராஜ் சார் பேசியே வலியை ஓட்டிருவாரு’ என்று கேலி. பேசட்டும். யாராவது அடுப்புக்குக் காய்ந்த பருத்திமாரைச் ‘சடக்’கென்று ஒடித்தால்கூட எழுந்து உள்ளே போய்விடுகிறேன்.

போன வாரம் சுகுணா வந்தாள். புதியம்புத்தூரில் நைட்டி தைக்கிற பெண். தலையை இடப்பக்கம் சாய்த்தபடியே உட்கார்ந்தாள். அந்தச் சாய்ப்பை நான் முன்பே பார்த்திருக்கிறேன். எழுந்து போய் அவளுக்குத் தண்ணீர் எடுத்து வந்தேன்.

“எங்கம்ம வேலுத்தாய் உங்கள்ட்டதான் சார் வந்தா. தீப்பெட்டி ஆபீஸ்ல வேல பாத்தாள்லா. ஒரே திருகுல சரியாப் போச்சுன்னு வீட்ல வந்து சிரிச்சா. அன்னைக்குப் பொழுதடையத்தான் கையும் வாயும் விழுந்துட்டு. பிரஷருன்னாவ. பன்னெண்டு நாள்ல போய்ட்டா. எனக்கும் அதே மாதிரி ஒரு திருகு திருகுங்க.”

அன்று ஒரு திருகு இல்லை, இரண்டு. முதல் தடவை சத்தம் வரவில்லை. வேலுத்தாய் நிமிர்ந்து, “சத்தம் வரலியே தம்பி?” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். வெளியே ஐந்து பேர் காத்திருந்தார்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டாம் தடவை சத்தத்துக்காகவே திருகினேன். வந்தது. அவள் செத்த துஷ்டி வீட்டுக்கு மாலையோடு போனேன். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை.

“கழுத்தத் திருகுறத நான் விட்டுட்டேம்மா” என்றேன்.

“எங்கம்மைக்குச் செஞ்சீயள்லா? எனக்கு மட்டும் மாட்டீயளோ? சரி, பசுவந்தனையில ஒரு ஆளு திருகுதாராம். நான் அங்கன போறேன்.”

பையை எடுத்துவிட்டாள். வாயை மூடிக்கொண்டால் நான் தப்பித்தேன். அவள் பசுவந்தனைக்குப் போவாள்.

“போகாத தாயி. உங்கம்மைக்குப் பிரஷர் இல்ல. நான் திருகுன திருகு. மொதல்ல சத்தம் வரலன்னு ரெண்டாவது தடவ வேகமாத் திருகுனேன். அதுலதான் உள்ள ரத்தக்குழா கிழிஞ்சிருக்கும். இத்தன நாளும் நான் யார்ட்டயும் சொல்லல.”

அடிப்பாள் என்று நினைத்தேன். ஏசுவாள் என்று நினைத்தேன். இரண்டும் நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு என் கைகளையே பார்த்தாள்.

“அம்மைக்குப் பேச்சு இல்ல. இடது கை மட்டும் அசையும். பன்னெண்டு நாளும் அந்தக் கையால கழுத்தக் கழுத்தக் காட்டுனா” என்றாள். “தாகமா இருக்குன்னு நெனச்சு, நாங்க தண்ணி ஊத்திக்கிட்டே இருந்தோம் சார்.”

நான் கொடுத்திருந்த தண்ணீர் டம்ளரைத் தொடாமலே எழுந்து போனாள்.