மிளகுக்காரர் ஓட்டிய விமானம்

ஆம்புலன்ஸ் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் சாயும்போது அம்சவேணி கணவரின் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஸ்ட்ரெச்சரில் பட்டை போட்டுக் கட்டியிருந்தார்கள். இருந்தாலும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. முன்சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் மகன் அருள்பிரகாஷ், செம்மேட்டுக் கடைக்குப் போன் செய்து பந்தலுக்கும் நாற்காலிக்கும் சொல்லிக்கொண்டிருந்தான்.

குழந்தைசாமிக்கு மலைமேல் அரியூர் நாட்டில் வீடும் மிளகுத் தோட்டமும், கீழே நாமக்கல்லில் லாரிகள். காலையில் லாரி ஆபீசில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே மேசைமேல் சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது.

ஐம்பது வயதில் விமானம் ஓட்டப் படித்து லைசென்ஸ் வாங்கிய மனிதர் அவர். ஞாயிற்றுக்கிழமையானால் கீழே பயிற்சிக் கழகத்துக்குப் போய்விடுவார். சின்ன விமானம், மலையைச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்திலேயே வந்து இறங்கும். போன வருடம் இதயம் சரியில்லை என்று டாக்டர் ஓட்டக்கூடாதென்று தடுத்துவிட்டார். அதற்குப் பிறகும் ஞாயிறு தவறாமல் போய், விமானத்தின் இறக்கையைத் துணியால் துடைத்துவிட்டு வந்தார்.

மதியத்துக்குமேல், அவருக்கு விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுத்த சங்கீதா மலைவீட்டுக்கு வந்தாள். காரிலிருந்து இறங்கியதும் நேராக வேலியோரம் போய் வாந்தி எடுத்தாள். மலை ரோடு அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அம்சவேணி எழுந்து போய் அவள் தலையைப் பிடித்துவிட்டாள். இதை மட்டும் அவர் பார்த்திருந்தால் ஒரு மாதத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார் என்று தோன்றியது. சங்கீதா வாயைக் கொப்பளித்துவிட்டு, மாலையை அவர் மார்பில் வைத்து, கொஞ்ச நேரம் கை எடுக்காமல் நின்றாள்.

அருள்பிரகாஷ் அவளுக்கு நாற்காலி போட்டான். அவனுக்கு அப்பாமேல் இந்த ஒரு விஷயத்தில்தான் தீராத கோபம். ஞாயிற்றுக்கிழமைகளில் காற்று பலமாக அடித்தால், தோட்டத்தில் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன் அவன்தான். அதைச் சொல்லாமல் வேறு கேட்டான்.

"எங்கயும் போகல, யாரையும் பாக்கல. ஏறுன எடத்துலயே எறங்குனாரு. அப்படி என்னங்க மேடம் இருக்குது அதுல?"

சங்கீதா யோசித்தாள். தன்னிடமும் நிறையப் பேர் இதைக் கேட்டிருப்பதாகவும், இதுவரை யாருக்கும் ஒழுங்காகச் சொல்ல வந்ததில்லை என்றும் சொன்னாள்.

"நான் ஒருக்கா அவருகூடப் போயிருக்கேன் சாமி," என்றாள் அம்சவேணி.

மகன் திரும்பிப் பார்த்தான். சங்கீதா தலையைக் குனிந்துகொண்டாள், அவளுக்குத் தெரியும்.

பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டுப் போன நாள் அது. மேலே கிளம்பும்போது அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியவள், சத்தம் சீராகி வெகுநேரம் கழித்துத்தான் திறந்தாள். வீட்டில் சோற்றுத் தட்டின் முன்னால்கூட டிரைவர்களைப் போனில் வைதுகொண்டிருக்கும் மனிதர், மலைமேல் வீடு தெரியும்வரை ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

"அதா நம்மூடு தெரியுது பாருன்னாரு. நான் ஊட்டப் பாக்கல, அவரு மூஞ்சியத்தான் பாத்தேன். நம்மகூட இருக்கறப்பவும் சந்தோசமாத்தான் இருந்தாரு. ஆனா அன்னிக்கு அவருக்கு எதுவுமே வேண்டியிருக்கல கண்ணு. எறங்குனதும், எதுக்குங்க இதுன்னு கேட்டேன். லாரின்னா எங்கியாச்சும் போய்ச் சேரோணும் அம்சா, இதுல போனாலே போதும்னாரு."

பயமாக இல்லையா என்று மகன் மெதுவாகக் கேட்டான்.

"பயந்தான். ஆனா மறுக்கா கூப்புடுவாருன்னு பாத்துட்டே இருந்தேன். அதுக்குள்ள டாக்டரு வேண்டாமுன்னுட்டாரு."

வெளியே மேளம் ஆரம்பித்தது. பங்காளிகள் உள்ளே வந்தார்கள். அருள்பிரகாஷ் முன்பக்கம் தோள் கொடுத்தான். ஓடைப் பக்கம் இறங்கும் பாதை வழுக்கும், பார்த்துப் போங்கள் என்று அம்சவேணி இரண்டு தடவை சொன்னாள். தோட்டத்து முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெண்கள் வீட்டைக் கழுவினார்கள். குளித்துவிட்டு வந்தவளை உள்ளே படுக்கச் சொன்னார்கள். அவள் பின்பக்கமாக நடந்து, மிளகுக்கொடிகளுக்கு அப்பால் சரிவைத் தாங்கி நிற்கும் கல்கட்டுக்குப் போனாள். பள்ளத்தாக்கில் பனி நிறைந்து கீழ்நாடு எதுவும் தெரியவில்லை. கல்கட்டின் மேல் ஏறி உட்கார்ந்தாள்.

மயானம் போய்த் திரும்பிய மகன், தலையில் ஈரம் சொட்ட அவளைத் தேடிக்கொண்டு வந்தான். அம்மா கால்களை வெளியே தொங்கவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தாள். விழுந்துவிடுவாள் என்று வாய்வரை வந்தது. வேட்டியை ஒதுக்கிக்கொண்டு பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். அவன் கால்களுக்கும் கீழே தரை இல்லை.