நாற்றச் சந்து

அந்த எல்லையோர ஊரின் காட்சிசாலையில் அறைகள் இரண்டுதான். பழைய சுங்கச்சாவடியின் மாடியை ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். அதன் பொறுப்பாளர் எங்கெங்கோ அலைந்து ஊரின் பழைய வரைபடங்களைத் திரட்டி, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். அவற்றில் ஒன்று எல்லைக்கோடு வருவதற்கு முந்தையது. அதன்மேல் அவருக்குத் தனிப் பிரியம். அதை வரைந்த சர்வேயர் கிணறு, கொட்டில், குட்டிச்சுவர் எதையும் விட்டுவைக்கவில்லை. தெருப் பெயர்களை ஊராரிடம் கேட்டு, சொன்னதைச் சொன்னபடியே எழுதிவிட்டார். அதனால் ஆற்றை ஒட்டிய சந்துக்கு அதில் 'நாற்றச் சந்து' என்றே பெயர். தோல் ஊறவைக்கும் தொட்டிகள் இருந்த இடம் அது. தொட்டிகளுக்கு நடுவே ஒரு வீட்டின்மேல் 'தொட்டிக்காரர்' என்று பொடி எழுத்தில் இருந்தது.

அந்தத் தொட்டிக்காரர் பொறுப்பாளருடைய தாத்தா. தொட்டிகளைத் தூர்த்து வெகுகாலம் ஆகிவிட்டது. இப்போது அது பூங்கா வீதி. அவருடைய அக்கா அங்கேதான் குடியிருந்தாள்.

அக்கா மகளுக்குச் சம்பந்தம் ஏறக்குறைய கூடி வந்திருந்த நேரம். தாத்தாவைப் பற்றி மாப்பிள்ளை வீட்டில் அக்கா ஏற்கெனவே நன்றாக அளந்துவிட்டிருந்தாள். ஊருக்கே தண்ணீர்த் தொட்டி கட்டிக்கொடுத்தவராம், அதனால் வந்த பெயராம். காட்சிக்கு வந்து வரைபடத்தைப் பார்த்ததும் அவள் தம்பியைத் தனியே இழுத்துக்கொண்டு போனாள்.

"தாய்மாமன் வேலை பாக்கற இடத்தப் பாக்கணும்னு சம்பந்தி சொல்றார். ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வரேன். அந்த மூலைய என்னவாவது பண்ணுடா."

"படத்துல கை வைக்க முடியாதுக்கா."

"கண்ணாடியில வைக்கலாமில்ல?"

அவர் முதலில் மறுத்தார். பிறகு, அக்கா மகளின் வாழ்க்கையாயிற்றே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். விளக்கக் குறிப்பு அச்சிட்ட அட்டையைச் சுவரிலிருந்து கழற்றி, கண்ணாடியின்மேல் அந்தச் சந்து மறையும்படி ஒட்டினார். படத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியும் அவர் மனைவியும் வந்தார்கள். பொறுப்பாளர் ஒவ்வொரு படமாக விளக்கிக்கொண்டு வந்தார். சம்பந்தி மரியாதையான மனிதர், குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். அட்டை ஒட்டிய படத்தருகே அவர்கள் நின்றபோதுதான் அந்தப் பெண் உள்ளே வந்தாள். ஐம்பதை ஒட்டிய வயது. எல்லைக்கு அந்தப் பக்கத்தில் தையல்கடை வைத்திருப்பதாகச் சொன்னாள். ஒருநாள் அனுமதிச் சீட்டில் வந்தவள், காலையிலிருந்து ஒரு தெருவைத் தேடிக்கொண்டிருக்கிறாளாம். கேட்டவர்களெல்லாம் உதட்டைப் பிதுக்கினார்களாம். படுக்கையில் இருக்கும் அவள் அம்மா பிறந்த தெரு அது. படத்திலாவது இருந்தால் போட்டோ எடுத்துப்போய்க் காட்டலாம் என்று வந்திருக்கிறாள்.

"நாத்தச் சந்துன்னு பேருங்க. தொட்டிக்காரர்னு ஒருத்தர் வீட்டுக்கு எதிர் வீடு. அவர் தச்சுக் கொடுத்த செருப்பப் போட்டுத்தான் அம்மா நடக்கவே பழகினாங்களாம்."

அக்கா தம்பியைப் பார்த்தாள். சம்பந்தி ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படி ஒரு சந்து இந்த ஊர்ல இருந்ததே இல்லைங்க," என்றார் பொறுப்பாளர்.

"அம்மா தெளிவா சொன்னாங்களே."

"வயசாயிட்டா அப்படித்தான். எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்துபோயிடும்."

இந்த இரண்டாவது பதிலை அவர் சொல்லியிருக்கவே வேண்டாம். யாரும் கேட்கவில்லை. பொய் நிற்கவேண்டுமே என்று முட்டுக் கொடுத்தார், அவ்வளவுதான். தையல்காரப் பெண் தொந்தரவுக்கு மன்னிக்கச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

சம்பந்தி வீட்டாரை அக்கா டீ குடிக்க அழைத்துப்போனதும் அவர் அந்த அட்டையைப் பிய்த்தார். கையெல்லாம் பசை. சந்தைத் தன் போனில் படமெடுத்துக்கொண்டு, ஸ்கூட்டரை எடுத்து எல்லை வாசலுக்கு விரட்டினார். அவள் வரிசையில் நின்றிருந்தாள். போனை நீட்டினார். அவள் எழுத்துகளைப் பெரிதாக்கிப் படித்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"அம்மாகிட்ட அப்பவே போன் பண்ணிச் சொல்லிட்டேனே," என்றாள். "இல்லவே இல்லையாம்மா, நீங்கதான் குழம்பிட்டீங்கன்னு. எனக்குப் புத்தி தப்பிடுச்சான்னு கேட்டு அம்மாவுக்கு ஒரே அழுகை. நான் சமாதானம் சொல்லி வச்சேன்."

தொட்டிக்காரர் தன் தாத்தா என்றும், கூட நின்றவர்களுக்காக மறைத்துவிட்டதாகவும் ஒருவழியாகச் சொல்லிமுடித்தார். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தாத்தா யாருன்னு அம்மாகிட்ட சொல்லலாமா? இல்ல, அதையும் மறைக்கணுமா?" என்று மட்டும் கேட்டாள்.

சொல்லுங்கள் என்றார். வரிசை நகர்ந்தது, அவள் போய்விட்டாள்.

அன்று மாலையே அக்காவிடம் அட்டையை எடுத்துவிட்டதாகச் சொன்னார். அவள் கத்தவில்லை, பேச்சை நிறுத்திக்கொண்டாள். ஆனால் அவள் பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. பேச்சு தொடங்கியபோதே அக்கா மகள் பையனிடம் உள்ளதைச் சொல்லியிருந்தாள். பையன் தன் வீட்டிலும் சொல்லிவிட்டான். தேதி குறிக்க வந்த அன்று சம்பந்தி, பொறுப்பாளரைத் தனியாக அழைத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அந்தச் சந்தப் பாக்கலாம்னுதான் அன்னைக்கு வந்தோங்க. அட்டை ஒட்டியிருந்துச்சு. உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு நாங்களும் கேட்டுக்கல."

அக்கா விஷயம் தெரிந்து சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். தம்பியோடும் பேசத் தொடங்கிவிட்டாள். அவருக்குத்தான் சிரிப்பு வரவில்லை. தான் பொய் சொன்னபோது அந்த அறையில் அதை நம்பியவள் தையல்காரப் பெண் ஒருத்திதான்.

கல்யாணம் முடிந்ததும் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு, வரைபடத்தின் பெரிய நகல் ஒன்றோடு எல்லையைத் தாண்டி, கடையை விசாரித்துக்கொண்டு போனார். தையல்கடைக்குப் பின்னால் ஒரே அறை. கட்டிலில் அம்மா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தொட்டிக்காரர் பேரன் என்றதும் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். அவர் படத்தை விரித்து, சந்தில் விரல் வைத்துக் காட்டினார். அவள் உற்சாகமாகத்தான் தொடங்கினாள். இங்கே எங்கள் வாசல், இங்கே தொட்டி, மழை பெய்தால் இந்த வளைவில் தண்ணீர் நிற்கும். ஆனால் ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு, நின்று, அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இங்க ஒரு கிணறு இருந்துச்சு. இருந்துச்சுதானே?"

"இருந்துச்சும்மா. இதோ போட்டிருக்கு பாருங்க."

"கிணத்துக்குப் பக்கத்துல கல் படி. அதுவும் இருந்துச்சா? நல்லாப் பாத்துச் சொல்லுப்பா. எனக்கு இப்பல்லாம் எதுவும் சரியா தெரியறதில்ல."

அவளுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. கல் படிகூடப் படத்தில் இருந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு, அவள் கேட்கக் கேட்க, இருந்துச்சும்மா, இருந்துச்சும்மா என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.