முடிச்சை வெட்டியவனின் ரசிகர்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. என் அக்காவின் கணவர் பழந்துணிப் பொதி கட்டும் ஆலை ஒன்றின் முதலாளி. ஆலையின் ஆண்டு மலருக்கு அலெக்சாண்டரைப் புகழ்ந்து ஒரு கதை கேட்டார்.

“முடிச்ச அவிழ்க்கச் சொன்னா ஒரே வெட்டா வெட்டினான் பாரு, அவன்தான் மச்சான் ஆம்பள. அத நல்லா எழுது.”

எழுதினேன்: உலகை வென்ற அந்த இளைஞன், அவிழாத முடிச்சின் முன் நின்று, வாளை உருவி…

[நிறுத்திவிட்டேன். வாக்கியத்தில் பிழை ஏதுமில்லை, எரிச்சலே அதுதான்.]

2

வேறு தொடக்கம்.

பொதியை இறுக்கும் எஃகுப் பட்டை இயந்திரத்தில் சிக்கினால், முதலில் இறுக்கத்தைத் தளர்த்த வேண்டும், பிறகே வெட்டலாம். சென்ற வாரம் பட்டை சிக்கியது. வாசலில் லாரி நின்றது. இயந்திரக்காரர் திருகைத் தளர்த்தத் தொடங்கினார்.

“என்னய்யா தடவிக்கிட்டிருக்க? அலெக்சாண்டர் உக்காந்து அவிழ்த்தானா?”

“விறைப்பா இருக்கு முதலாளி. வெட்டினா அடிச்சிரும்.”

“பயந்தாங்கொள்ளிக்கெல்லாம் சம்பளம் குடுக்கறேன். தள்ளு!”

முதலாளியான மாமாவே வெட்டினார். துள்ளிய பட்டை இயந்திரக்காரரின் இடக்கண்ணைக் கொண்டுபோனது.*

* வெட்டியவனைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். பக்கத்தில் நின்றவனுக்கு அடிக்குறிப்பு.

3

மாமாவின் பாத்திரம் தட்டையாக இருக்கிறதோ என்று ஐயம். ஒரு நற்குணம் தேடினேன். காயம்பட்டவரைத் தம் காரிலேயே மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்; உண்மை. வழிநெடுக, “நீயே வெட்டிக்கிட்டதா சொல்லிரு, குடும்பத்த நான் பாத்துக்கறேன்” என்றார், அதுவும் உண்மை. இயந்திரக்காரர் மறுத்துவிட்டார். இப்போது, அவரே வெட்டிக்கொண்டார் என்கிறார் மாமா. அது நிலைத்தால் அவருக்குக் கண்ணும் இல்லை, வேலையும் இல்லை.

நடந்ததை நேரில் பார்த்தவர் வேறு ஒருவர்தான்: எதிர்மேசையில் அனுப்புச்சீட்டு எழுதிக்கொண்டிருந்த அக்கா.

“நாளைக்கு விபத்த விசாரிக்க அதிகாரி வந்தா என்னக்கா சொல்லப்போற?”

“நீ கதைதானே எழுதற? எழுது.”

“பாத்தியா, இல்லையா?”

“பாத்தேன்டா. பாத்தத சொல்லிட்டு எந்த வீட்டுக்குப் போறது?”

“என் வீட்டுக்கு வா.”

“எத்தன நாளைக்கு? உன் பொண்டாட்டியக் கேட்டுட்டுச் சொல்லு.”

4

முடிவு ஒன்று: அக்கா உண்மையைச் சொல்கிறாள். நான் செலவில்லாமல் பெருமைப்படுகிறேன்.

முடிவு இரண்டு: “நான் கவனிக்கல சார்” என்கிறாள். மாமாவின் மேல் உள்ள கோபத்தையெல்லாம் அவள் தலையில் கொட்டிவிட்டு, நான் நிம்மதியாகத் தூங்க…

[இல்லை. இரண்டையும் கிழித்தேன்.]

எழுதத் துணிவது இவ்வளவுதான். ஆலை அறை. அதிகாரி கேட்கிறார். “அவளுக்கு என்ன சார் தெரியும்?” என்று மாமா முந்துகிறார். அக்கா அவரை நிமிர்ந்து பார்க்கிறாள்.

அவள் வாயில் நான் வசனம் வைக்க மாட்டேன். அந்த நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். மாலையில் திரும்ப வேண்டியது மாமாவின் வீட்டுக்கு என்பதை மறக்காமல் உட்காருங்கள்.

“சொல்லுங்கம்மா. பட்டைய யார் வெட்டினது?”