அளவு சிறிய வளையல்கள்

“கையை நீட்டுடி. இன்னா, முறுக்கிகினு நிக்கறே?”

பஞ்சவர்ணம் பெரியம்மா அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். வளையல் விரல் முட்டிகளில் மாட்டி நின்றது. பெரியம்மா விளக்கெண்ணெயைத் தடவி அமுக்கினாள். அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“சின்ன சைஸா வாங்கியாந்துட்டீங்க பெரிம்மா.”

“உன் சைஸு எவளுக்குத் தெரியும்? கண்ணாலம் ஆனதுலேர்ந்து என்னிக்கு நீ வளையல் போட்டே?”

அது உண்மைதான். வனஜா அண்ணி பட்டணத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்க்கிற கையில் வளையல், மோதிரம் எதுவும் இருக்கக்கூடாது. டூட்டி முடிந்து ஆவடி குவார்ட்டர்ஸுக்குத் திரும்பிய பிறகும் போட்டுக்கொள்ள மறந்துவிடுவாள். என் அண்ணன் கஜபதி அதைக் குறையாகச் சொன்னதில்லை. மற்றவர்கள்தான் ‘மொட்டைக் கை’ என்றார்கள். அந்த மொட்டைக் கையில்தான், அண்ணனின் கருமாதியன்று விடியற்காலையில், உடைப்பதற்கென்றே மார்க்கெட்டில் வாங்கிய கண்ணாடி வளையல்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

கன்னிப் பெண் பார்க்கக் கூடாது என்று என்னை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தியிருந்தார்கள். நான் சமையலறை ஜன்னலில் நின்றேன். பின்பக்கக் குழாயடியில் பெரியம்மா, நாகம்மா சின்னம்மா, என் அம்மா தாயம்மாள் மூவரும் இருந்தார்கள். மூவரும் தாலியறுத்தவர்கள்.

அன்று மத்தியானம் மூன்று மணிக்கு அண்ணிக்குத் தேர்வு. அரபு நாட்டு ஆஸ்பத்திரி ஒன்றுக்குத் தியேட்டர் நர்ஸுகளை எடுத்தார்கள். நர்சிங் படித்த சர்டிபிகேட் மட்டும் போதாது. இங்கே நர்சிங் கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். அந்தப் பதிவு நடப்பில் இருக்கிறது, இவள் மேல் புகார் ஒன்றும் இல்லை என்று கவுன்சிலே நேராக அந்த நாட்டுக்கு எழுத வேண்டும். தியேட்டரில் வேலை பார்த்ததற்குப் பெரிய டாக்டர் கையெழுத்து வேண்டும். எல்லாவற்றுக்கும் அலைந்தவன் அண்ணன். ஃபாக்டரியில் ஷிப்ட் முடித்து, கிரீஸ் போகாத கையோடு ரயிலேறுவான். கடைசியாகப் போய் வந்தபோது அவன் கண் மஞ்சளாக இருந்தது. “வெயில்ல சுத்தனது, வேற ஒண்ணுமில்ல” என்றான். மஞ்சள் காமாலை. கவுன்சில் கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டதென்று தகவல் வந்தபோது அவனுக்கு நினைவில்லை.

மிச்சமிருந்தது செய்முறைத் தேர்வுதான். அங்கிருந்து வந்திருக்கும் குழுவின் முன்னால் கை கழுவி, கையுறை மாட்டிக் காட்ட வேண்டும். கையில் வெட்டோ கீறலோ இருந்தால் கை கழுவும் தொட்டியருகே விடமாட்டார்கள். காயத்தில் கிருமி தங்கும். குழு மறுபடி எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. அண்ணன் போனதால் குவார்ட்டர்ஸையும் காலி செய்யவேண்டியிருந்தது. அண்ணி முந்தின இரவெல்லாம் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தாள். அழுதாளா என்று இருட்டில் தெரியவில்லை.

“ஒடைக்க வேணாம் பெரிம்மா. நானே கழட்டித் தரேன்.”

“கழட்டறதுக்கு அது இன்னா ஜாக்கெட்டா? கல்லால ஒடைக்கணும். அப்பத்தான் அவன் உசுரு ஊட்ட உட்டுப் போவும்.”

“கை கிழிஞ்சா டெஸ்டுக்கு உடமாட்டாங்க.”

நாகம்மா சிரித்தாள். “கருமாதி அன்னிக்கு பரிச்சையாம்! ஏம்மே, அரபுக்காரன் பொண்ணு பாக்க வந்துகீறானா?”

“இல்ல சின்னம்மா. கை பாக்க வந்துகீறான்.”

“வாயப் பாரு! புடிங்கடி அவளை.”

நாகம்மா தோளை அழுத்தினாள். பெரியம்மா அண்ணியின் வலது கையைத் துவைகல்லில் வைத்துக் கருங்கல்லை எடுத்தாள். அண்ணி திமிறவில்லை. இடது கையை நீட்டி, பக்கத்தில் நின்ற என் அம்மாவின் வலது கையைப் பிடித்தாள்.

“அத்தே, இந்த ரெண்டு விரலை மடக்குங்க.”

அம்மாவுக்கு அந்த இரண்டு விரல்களும் மடங்காது. வாதம் என்றே அண்ணனும் நானும் கேட்டு வளர்ந்தோம்.

“இது வாதமில்ல அத்தே. கண்ணாலம் ஆயி வந்தப்பவே எனக்குத் தெரியும். தோ, மணிக்கட்டுல தழும்பு. உள்ள நரம்பு அறுந்துகீது. எப்போ அறுந்துது?”

அம்மா கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். பிறகு இழுக்கவில்லை. பெரியம்மாவைப் பார்த்தாள்.

“நீதானக்கா எனக்கு ஒடைச்சே.”

“ஆமா. எனக்கும்தான் ஒடைச்சாங்க. அதுக்கு இன்னா இப்போ?”

“அம்பத்தூர்ல தையல் கம்பெனி வேலை எனக்கு. கத்திரி புடிக்க முடியலன்னு அனுப்பிட்டான். ரெண்டு புள்ளைங்கள வச்சிகினு சித்தாளா மண்ணு சொமந்தேன். கேட்டவங்களுக்கெல்லாம் வாதம்னு சொல்லிகினு திரிஞ்சேன்.” அம்மாவின் குரல் உயரவே இல்லை. “கல்லக் கீழ வையிக்கா.”

“தாயி, சாங்கியம்...”

“வையி.”

அம்மா குழாயைத் திறந்தாள். மாடத்திலிருந்து சிவப்புச் சோப்பை எடுத்து அண்ணியின் கையில் வைத்தாள். அண்ணி முழங்கை வரை நுரைக்கத் தேய்த்தாள். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, கையுறையை உருவுகிற மாதிரி, ஒவ்வொரு வளையலாக உருவினாள். முட்டிகள் சிவந்தன, தோல் எங்கும் கிழியவில்லை. முழு வளையல்கள் துவைகல்லில் குவிந்தன.

“முழுசா எடுத்தா குடும்பத்துக்கு ஆவாதுடி!” என்று நாகம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அம்மா கருங்கல்லை எடுத்துக் குவியலின் மேல் போட்டாள். இரண்டு தடவை. மூன்று தடவை. கண்ணாடி குழாயடியெங்கும் தெறித்தது.

“ஒடைச்சாச்சு. போங்க.”

சேதி வாசல் பந்தலுக்குப் போக அதிக நேரமாகவில்லை. லோகநாதன் மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“தாலியறுத்தவ கையில வளையல் ஒடையல. இது கருமாதியா, கச்சேரியா? இந்த ஊட்ல நாங்க கை நனைக்க மாட்டோம். எழுந்திரிங்கப்பா!”

சாப்பாட்டு வேளை வரை முணுமுணுத்துக்கொண்டிருந்துவிட்டு, ஒருவர் பின் ஒருவராகச் செருப்பை மாட்டினார்கள். வேப்பம்பட்டிலிருந்து வந்திருந்த சொந்தச் சனமெல்லாம் ஸ்டேஷனுக்கு நடந்தது. பெரியம்மா போகும்போது அண்ணன் படத்தைப் பார்த்து ஒருமுறை ஒப்பாரி வைத்தாள். அண்டா நிறையச் சோறும் சாம்பாரும் பந்தலில் ஆவி விட்டுக்கொண்டிருந்தன. எதிர்க் குவார்ட்டர்ஸ் பெண்கள் வாசலில் நின்று பார்த்தார்கள்.

அண்ணி வெளுத்த சேலை கட்டி, பையை எடுத்துக்கொண்டு வந்தாள். அம்மா அவளை மறித்தாள். பந்தலில், ஆம்பிளைகளுக்கென்று போட்ட பாயில் இரண்டு இலை விரித்தாள்.

“உக்காரு. வெறும் வயித்தோட போவாதே.”

“அத்தே, எல்லாரும் பாக்கறாங்க. உள்ள போயிடலாம்.”

“பாக்கட்டும். அவன் கருமாதிச் சோறு, நாம துன்னாம யாரு துன்றது?”

அண்ணி தேறினாள் என்பதும், கடல் கடந்து போனாள் என்பதும் அப்புறம் நடந்தவை. அன்றைக்கு அவர்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். எந்த விசேஷத்திலும், எல்லோரும் தின்று எழுந்த பிறகு, அடுப்படியில் சட்டியை வழித்துத் தின்றவள் என் அம்மா. அவள் முதல் பந்தியில் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“பூங்காவனம், இன்னாடி வேடிக்கை பாத்துகினு நிக்கறே? சோத்தப் போடு.”

போட்டேன்.